எல்-1க்கு அறுபது, எல்-2க்கு நாற்பது

2025 மார்ச் மாதம் பாதுகாப்பு அமைச்சகம் 307 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. டி.ஆர்.டி.ஓ. வடிவமைத்த, 155 மில்லிமீட்டர் குழல் கொண்ட ‘அட்டாக்ஸ்’ ரகம். போட்டியில் குறைந்த விலை சொன்னது பாரத் ஃபோர்ஜ். ஆனால் 307-ம் அதற்குப் போகவில்லை. 184 மட்டுமே கிடைத்தது. விலையில் இரண்டாவதாக வந்த டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸுக்கு 123 போனது. கணக்குப் போட்டால் சரியாக அறுபதுக்கு நாற்பது.

குறைவாகச் சொன்னவர் கண்முன்னே இருக்க, கூடச் சொன்னவருக்கு எதற்கு ஆர்டர்? டீக்கடையில் இதைச் சொன்னால் முதலில் வரும் பதில், “எவ்வளவு கைமாறிச்சோ!” என்பதாகத்தான் இருக்கும். அந்தச் சந்தேகத்துக்கு நம் நாட்டில் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த இடத்தில் நடந்தது விதிப்படியான காரியம். குறைந்த விலை சொன்னவரை எல்-1 என்பார்கள், அடுத்தவரை எல்-2. எல்-2க்குப் பங்கு உண்டே தவிர, அவர் சொன்ன விலை கிடையாது. எல்-1 விலைக்கு இறங்கி வந்தால்தான் அந்த நாற்பது. அரசுக்குப் பைசா நஷ்டமில்லை. பீரங்கி செய்யத் தெரிந்த இரண்டு தொழிற்சாலைகள் நாட்டில் உயிரோடு இருக்கும். போர் வந்து, ஒன்றில் உற்பத்தி நின்றுபோனாலும் இன்னொன்று ஓடும்.

ஒரே பொருளைப் பலரிடம் பிரித்து வாங்குவது அரசுக் கொள்முதலில் மிகப் பழைய வழக்கம். ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலகங்களில் தினம் நடப்பது. இதற்கு எழுதி வைத்த விதிகள் இருக்கின்றன. அவை மோசமானவையும் அல்ல. ஒரு டெண்டரில் ஆர்டர் பிரிக்கப்பட்டது என்று செய்தி வந்தால், யாருக்குப் பிரித்தார்கள் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். எப்போது பிரிக்க முடிவெடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பாதி வழக்குகளின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

உறை பிரிக்கும் முன்னும் பின்னும்

மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007 மார்ச் 3-ம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கொள்முதல் பிரிவில் இருக்கும் அதிகாரிகள் பலருக்கு இது மனப்பாடம். டெண்டர் திறந்த பிறகு பேரம் பேசுவது ஊழலுக்கு வாசல் என்பதால், தவிர்க்க முடியாத சில சூழல்களில் எல்-1உடன் பேசலாமே தவிர, வேறு யாருடனும் கூடாது என்கிறது. அதோடு பிரிப்பதைப் பற்றியும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது.

ஒன்று: பொருள் முக்கியமானது, ஒருவரை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று முன்கூட்டியே முடிவு செய்தால், யாருக்கு எத்தனை சதவீதம் என்ற விகிதத்தை டெண்டர் ஆவணத்திலேயே அச்சிட்டுவிட வேண்டும். எல்-1 யார், எல்-2 யார் என்று எவருக்கும் தெரியாத நேரத்தில் எழுதப்படும் விகிதம் அது. 60:40 என்று எழுதியவருக்கு அந்த 40 யார் வீட்டுக்குப் போகும் என்று தெரியாது.

இரண்டு: முன்கூட்டி அறிவிக்கவில்லை, ஆனால் உறைகளைப் பிரித்துப் பரிசீலித்தபோது, எல்-1 ஒருவரால் இவ்வளவையும் தர முடியாது என்று தெரிகிறது. அப்போதும் மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். ஆனால் அது நியாயமாகவும் வெளிப்படையாகவும் சமச்சீராகவும் இருக்க வேண்டும். எல்-1க்கு ஒப்புக்கொண்ட விலையை எல்-2, எல்-3 ஆகியோரிடம் வைத்து, “இதற்குத் தருகிறீர்களா?” என்று கேட்பது பேரமாகக் கருதப்படாது.

முதல் விதியில் கைவைக்க இடமில்லை. இரண்டாவதில் நிறையவே இருக்கிறது. ஒரு நிறுவனத்தால் முழு அளவையும் தர முடியுமா, முடியாதா என்பது பெயர் தெரிந்த பிறகு எடுக்கும் முடிவு. இயந்திரங்களின் எண்ணிக்கை, கடந்த ஆண்டு விற்றுமுதல், கையிலிருக்கும் மற்ற ஆர்டர்கள் என்று எதை வேண்டுமானாலும் காட்டி, “இவரால் அறுபது சதவீதம்தான் முடியும்” என்று கோப்பில் குறிப்பெழுதலாம். அந்தக் குறிப்பு உண்மையாகவும் இருக்கலாம்; எல்-2வை உள்ளே கொண்டுவர எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒருவரின் உற்பத்தித் திறனை அளக்கும் வழி டெண்டர் ஆவணத்திலேயே சூத்திரமாகத் தரப்பட்டிருந்தால் இந்த ஓட்டையும் அடைபடும். பல ஆவணங்களில் அது இருப்பதில்லை.

நம் மாநிலத்தில் இதற்கெல்லாம் அடிப்படை, 1998-ல் கொண்டுவரப்பட்ட தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ல் வந்த அதன் விதிகளும். குறைந்த விலைக்கே ஏற்பு என்பதுதான் சட்டத்தின் அச்சாணி. ஒரே ஆளால் முடியாது என்கிற நிலையில் பிரித்துக் கொடுக்கவும் அது இடம் தருகிறது. இரண்டு பேரோ, அதற்கு மேற்பட்டவர்களோ ஒரே விலையைச் சொல்லிவிட்டால், அவர்களுடைய அனுபவத்தையும் தகுதியையும் பார்த்துப் பகிர்ந்து கொடுக்கச் சொல்கிறது. படிக்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே விலை என்பது தற்செயலாக வருமா? அதைப் பிறகு பார்ப்போம்.

மாத்திரை அட்டைக்குப் பின்னால்

பிரித்து வாங்குவதால் பொதுமக்களுக்கு என்ன லாபம் என்று கேட்டால், அரசு ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரை அட்டையைத்தான் காட்டுவேன். ‘தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட அட்டை. அதை வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கப்பட்டது. அதற்கு முன் மருந்துக் கொள்முதல் இருந்த நிலையை மூத்த டாக்டர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

கழகம் இரு உறை முறையில் டெண்டர் விடும். முதல் உறையில் தகுதி: உரிமம், தயாரிப்புத் தரச் சான்று, விற்றுமுதல். அதில் தேறியவர்களின் விலை உறை மட்டுமே பிரிக்கப்படும். எல்-1 விலை தெரிந்ததும், மற்றவர்களிடம் அந்த விலைக்குத் தரச் சம்மதமா என்று கேட்பார்கள். சம்மதிப்பவர்கள் ‘மேட்ச் எல்-1’. ஒரு மருந்துக்கு ஒருவருக்கு மேல் கையில் இருப்பார்கள்.

ஏன் தேவை? மருந்து கிடங்குக்கு வந்ததும் நேராக வார்டுக்குப் போவதில்லை. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரிப்பாளரின் பெயரை மறைத்து, ரகசிய எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் இருப்பவருக்கு யாருடைய மாத்திரையைச் சோதிக்கிறோம் என்று தெரியாது. பேட்ச் தோற்றுவிட்டால் முழுவதும் திரும்பப் போகும். அந்த நேரத்தில் அந்த மருந்துக்கு ஒரே ஒரு சப்ளையர்தான் என்றால், மாவட்ட மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். இரண்டாவது ஆள் இருப்பதால்தான், முதல் ஆளின் சரக்கைத் தள்ளும் தைரியம் கழகத்துக்கு வருகிறது. ஒரே சப்ளையர் என்றால், “இந்த ஒருமுறை மட்டும் விட்டுவிடலாமே” என்ற குரல் எங்கிருந்தாவது வரும். தரப் பரிசோதனைக்குப் பல் முளைப்பதே பல சப்ளையர்கள் இருக்கும்போதுதான். கழகத்தின் பெருமை பேசும் கட்டுரைகள் விலை குறைந்ததையே சொல்லும். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

பிறகு ராஜஸ்தான் 2011-ல் இதே வழியில் தன் கழகத்தை அமைத்தது.

சிறியவருக்கும் ஒரு பங்கு

சரக்கு தடைபடாமல் இருக்க மட்டும் அரசு ஆர்டரைப் பிரிப்பதில்லை. கொள்கைக்காகவும் பிரிக்கிறது. 2012-ல் வந்த குறு, சிறு நிறுவனங்களுக்கான கொள்முதல் ஆணைப்படி, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் ஒரு பகுதியை அந்த நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். முதலில் 20 சதவீதம். 2019 ஏப்ரலில் இருந்து 25. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடி தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3.

இது நடக்கும் விதம் ஒரு கணக்கில் புரியும். ஒரு பொதுத்துறை மருத்துவமனைக்கு 1,000 இரும்புக் கட்டில் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனி ஒன்று கட்டிலுக்கு 10,000 ரூபாய் என்று எல்-1 ஆகிறது. அம்பத்தூரிலிருந்து ஒரு சிறு பட்டறை 11,400 சொல்கிறது. எல்-1 விலைக்கு மேல் 15 சதவீதம், அதாவது 11,500 வரை சொன்ன சிறு நிறுவனம் களத்தில் இருப்பதாகக் கணக்கு. பட்டறையைக் கூப்பிட்டு, 10,000-க்குத் தருவாயா என்று கேட்பார்கள். சரி என்றால் 250 கட்டில் அவருக்கு. 11,600 சொல்லியிருந்தால் கூப்பிட மாட்டார்கள்.

கட்டிலுக்கு 1,400 ரூபாய் குறைத்துக்கொண்டு அவருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி நியாயமானது. பலர் அந்த விலைக்கு முடியாது என்று விலகுவதும், விலகாமல் ஏற்றுக்கொண்டு பில் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதும் அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் சாதாரணமாகக் கேட்கக்கூடிய கதை. விதி கதவைத் திறக்கிறது. உள்ளே போனவரின் கையில் நடைமுறை மூலதனம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை தரும் 2017-ம் ஆண்டு ஆணை இதைவிடத் தாராளம். பொருளில் பாதியோ அதற்கு மேலோ உள்நாட்டு மதிப்பு இருந்தால் முதல் வகுப்பு உள்நாட்டு சப்ளையர். எல்-1 அந்த வகுப்பைச் சேராதவராக இருந்து, பொருளும் பிரிக்கக் கூடியதாக இருந்தால், அவருக்குப் பாதி ஆர்டர்தான். மறுபாதியை, 20 சதவீத வித்தியாசத்துக்குள் விலை சொன்ன முதல் வகுப்பு சப்ளையர் எல்-1 விலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான பிரிப்பும் ஒன்று உண்டு. அது தப்பிப்பதற்கான பிரிப்பு. பத்து லட்சத்துக்கு ஒரே டெண்டர் விட்டால் மேலதிகாரி கையெழுத்து வேண்டும், போட்டி வேண்டும். அதையே துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் வரம்புக்குக் கீழே வைத்து, வேண்டியவர்களிடம் கொட்டேஷன் வாங்கிக் காரியத்தை முடிப்பது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல், 157-வது விதி இதைத் தடுக்கவே இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் ஒரே வாரத்தில், ஒரே மாதிரி நாற்காலிக்கு நாலு தனித்தனி பில்கள் இருந்தால் தணிக்கைக்காரர் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

ஒரே விலை, ஒரே கையெழுத்து

ஏரி மீன்பாசிக் குத்தகை ஏலம் பார்த்தவர்களுக்கு இனி சொல்லப்போவது புதிதல்ல. ஏலம் கூறும் முன்பே ஆலமரத்தடியில் விஷயம் முடிந்திருக்கும். யார் கேட்பது, யார் சும்மா நிற்பது, சும்மா நின்றவருக்கு எவ்வளவு என்பதெல்லாம். டெண்டரில் இதற்குப் பெயர் சிண்டிகேட். பிரித்துக் கொடுக்கும் விதிகள் இதற்கு எண்ணெய் ஊற்றுகின்றன என்பதுதான் சங்கடம்.

யோசித்துப் பாருங்கள். எல்-1 விலைக்கு இறங்கினால் எல்-2க்கும் நாற்பது சதவீதம் நிச்சயம் என்று முன்பே அச்சிட்டாகிவிட்டது. களத்தில் இருப்பதே இரண்டு பேர். பிறகு எதற்காக அடித்துப் பிடித்து விலையைக் குறைக்க வேண்டும்? இருவரும் உயர்த்தியே சொல்லலாம். தோற்றவருக்கும் நாற்பது உண்டு. அதிகாரியின் கைவரிசையைத் தடுக்க வந்த முன்னறிவிப்பு, சப்ளையர்களுக்குப் பங்கு பிரிக்கும் பட்டியலாக மாறிவிடுகிறது.

இது வெறும் ஊகமில்லை. 2009-ல் இந்திய உணவுக் கழகம், தானியக் கிடங்குகளில் பூச்சி கொல்லப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு டெண்டர் விட்டது. மூன்று நிறுவனங்கள் கிலோவுக்கு 388 ரூபாய் என்று ஒரே விலை சொல்லின. தயாரிப்புச் செலவு மூவருக்கும் வேறு வேறு. விசாரணையில், கழக அலுவலகத்தின் வாயிற்பதிவேட்டையும் புரட்டினார்கள். உறை போட வந்த நாளில் மூன்று நிறுவனங்களின் வருகையையும் பதிந்தது ஒரே ஆள். போட்டியாளர்கள் சேர்ந்து வந்து, ஒரே பேனாவில் பெயர் எழுதிவிட்டு, தனித்தனி உறைகளில் ஒரே எண்ணைப் போட்டிருக்கிறார்கள்! இந்தியப் போட்டி ஆணையம் கூட்டுச் சதி என்றது. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அபராதத்தை எந்த விற்றுமுதலில் கணக்கிடுவது என்பதில் மட்டும் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு அமைந்தது.

அடுத்த ஆண்டே அதே நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. 2010 மார்ச்சில் இந்தியன் ஆயில் 14.2 கிலோ காஸ் சிலிண்டர்கள் 105 லட்சம் வாங்க டெண்டர் கோரியது. 50 நிறுவனங்கள் போட்டியிட்டன. மாநிலவாரியாகப் பல நிறுவனங்களின் விலைகள் அச்சடித்ததுபோல ஒன்றாக இருந்தன. டெண்டருக்கு முந்தைய நாள்களில் அவர்களில் பலர் மும்பையில் ஒரு ஹோட்டலில் கூடியதும் தெரியவந்தது. ஆணையம் 2012-ல் அபராதம் விதித்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், சந்தையின் அமைப்பு. அந்தச் சிலிண்டரை வாங்குவதே மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்கள்தான். பொருள் ஒன்று, அளவு ஒன்று, மூலப்பொருளான எஃகின் விலையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்; இந்த நிலையில் பேசி வைக்காமலேயே விலை ஒன்றாக அமையலாம் என்றது தீர்ப்பு.

இரண்டு தீர்ப்பும் முரண் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே விலை என்பது சந்தேகத்துக்கான காரணம், ஆதாரமல்ல. இதை 1993-லேயே, ரயில் சரக்கு வேகன்களுக்கான வார்ப்பு எஃகு போகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் மூன்று பெரிய உற்பத்தியாளர்கள் ஒரே விலை சொன்னார்கள். சிண்டிகேட் என்று சந்தேகித்த ரயில்வே, பெரியவர்களுக்கு ஒரு விலை, சிறியவர்களுக்கு அதைவிடக் கூடுதல் விலை என்று இரட்டை விலை வைத்தது. ஒரே விலை சொன்னதாலேயே கூட்டுச் சதி என்று முடிவுகட்ட முடியாது என்ற நீதிமன்றம், சிறியவர்கள் அழிந்து பெரியவர்களின் ஏகபோகம் வந்துவிடாமல் காக்க இரட்டை விலை வைப்பதில் தவறில்லை என்றும் ஏற்றுக்கொண்டது. பலரிடம் வாங்கும்போது விலையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது வேதமல்ல.

2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசிக்கும் இதேதான் நடந்தது. முதல் கட்டமாக மத்திய அரசு கோவிஷீல்டு 1.1 கோடி டோஸ்களை 200 ரூபாய்க்கு வாங்கியது. கோவாக்ஸின் 55 லட்சம் டோஸ், அதில் 38.5 லட்சத்துக்கு 295 ரூபாய், மீதி 16.5 லட்சம் இலவசம். சராசரி 206 ரூபாய் என்று சொல்லிக்கொள்ள அந்த இலவசம் உதவியது. அதே ஆண்டு மே மாதம் தமிழக அரசு 3.5 கோடி டோஸ்களுக்கு உலகளாவிய டெண்டர் விட்டபோது ஒருவர்கூட வரவில்லை. எல்-1க்கே ஆளில்லாத இடத்தில் 60:40-க்கு என்ன வேலை?

பென்டகன் கற்ற பாடம்

அமெரிக்கா இந்த விஷயத்தில் வேறு பாதை போகிறது. 1994-ல் இயற்றிய கொள்முதல் சீர்திருத்தச் சட்டப்படி, எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத பெரிய ஒப்பந்தங்களை ஒருவருக்கே கொடுக்காமல் பலருக்கும் கொடுப்பதே அங்கே விருப்பமான முறை. ஆனால் ஒப்பந்தம் கிடைத்தது என்றால் ஆர்டர் கிடைத்தது என்று அர்த்தமில்லை. தேர்வானவர்கள் ஒரு பட்டியலில் இருப்பார்கள். ஒவ்வொரு வேலை வரும்போதும் பட்டியலில் உள்ள அனைவருக்கும் நியாயமான வாய்ப்பு தந்து மறுபடி போட்டி வைக்க வேண்டும். நம் ஊரில் 2017 அக்டோபரோடு மூடப்பட்ட மத்தியக் கொள்முதல் அமைப்பான டி.ஜி.எஸ் அண்டு டி-யின், விலையை மட்டும் நிர்ணயிக்கும் ரேட் கான்ட்ராக்டிலும் ஒரே பொருளுக்குப் பலர் இருந்தார்கள். அளவுக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் அதில் இரண்டாம் சுற்றுப் போட்டி இருக்கவில்லை. பட்டியலில் இருப்பவர்களில் யாரிடம் வாங்குவது என்பது வாங்கும் அலுவலகத்தின் இஷ்டமாக இருந்தது. அந்த இஷ்டத்துக்காகக் கம்பெனி பிரதிநிதிகள் அலுவலகப் படியேறியதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள்.

தன் சொந்த வழக்கத்தை மீறியதற்கு பென்டகன் நல்ல விலை கொடுத்தது. ராணுவத்துக்கான கிளவுட் சேவையை, பத்து ஆண்டு, 1,000 கோடி டாலர் வரை, ஒரே நிறுவனத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்து 2019 அக்டோபரில் மைக்ரோசாஃப்டைத் தேர்ந்தெடுத்தது. அமேசான் கோர்ட்டுக்குப் போனது. அதற்கு முன்பே, ஒருவருக்கு மட்டும் ஏன் என்று ஆரக்கிள் வழக்குப் போட்டிருந்தது. வேலை தொடங்காமலேயே 2021 ஜூலையில் ஒப்பந்தம் ரத்தானது. 2022 டிசம்பரில் அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் நால்வருக்கும் சேர்த்து 900 கோடி டாலர் உச்சவரம்பில் புது ஒப்பந்தம். ஒவ்வொரு வேலைக்கும் நால்வரும் போட்டியிட வேண்டும். பிரிக்க மறுத்ததால் வீணானது மூன்று ஆண்டுகளுக்கு மேல்.

அதற்காக அமெரிக்க முறையை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. இரண்டாம் சுற்றுப் போட்டி நடத்த நேரமும் ஆளும் வேண்டும். மாத்திரை வாங்க அது சரிப்படாது. நம் விதிகளுக்குள்ளேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. விகிதத்தை முன்பே அறிவிக்கட்டும். ஆனால் பாதிப் பாதி வேண்டாம். எல்-1க்கு எழுபதோ எண்பதோ கிடைக்கும் என்றால்தான் முதலிடத்துக்கு ஆசை வரும். பங்குகளின் எண்ணிக்கை போட்டியாளர்களின் எண்ணிக்கையைவிடக் கட்டாயம் குறைவாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் இலை போடும் டெண்டரில் விலை இறங்காது. ஒரே விலை வந்தால் பகிர்ந்து கொடு என்ற நம் மாநிலச் சட்டப் பிரிவைத் திருத்தி, அவர்களுக்குள் மறுபடி மூடிய உறையில் விலை கேட்கச் சொல்லலாம். இன்றைய வடிவில் அது, ஒரே எண்ணை எழுதி வருபவர்களுக்குப் பரிசு தருகிறது.

அதுவரை, அரசின் டெண்டர் இணையதளத்தில் ஆவணத்தைத் திறந்து பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, பிரிப்பு விகிதம் மூல ஆவணத்திலேயே இருந்ததா, பின்னால் திருத்த அறிவிப்பில் நுழைந்ததா. திருத்தம் என்றால் அதன் தேதிக்கும் தொழில்நுட்ப உறை திறந்த தேதிக்கும் இடைவெளி என்ன. யார் யார் களத்தில் என்று தெரிந்த பிறகு வந்த திருத்தம் என்றால், தகவல் உரிமை மனு போட்டு அந்தக் கோப்பின் குறிப்புகளைக் கேட்கலாம். இரண்டாவது, அதே பொருளுக்குக் கடந்த நாலைந்து டெண்டர்களின் விலை ஒப்பீட்டுப் பட்டியல். அதில் எல்-1, எல்-2 பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறி மாறி வந்து, இருவருக்கும் உள்ள விலை வித்தியாசம் எப்போதும் ஒரே மாதிரி இருந்தால், அந்தப் பட்டியலை டெல்லியில் போட்டி ஆணையத்துக்குத் தகவலாக அனுப்பலாம். அதற்கு டெண்டரில் பங்கேற்றவராக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.